ஆனையிறங்கலுக்குப் பலாப்பழத்தோடு போன கதை

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஆனையிறங்கல் ஏரிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மே மாதம், தேங்காய் வெட்டு முடிந்த கையோடு கிளம்பினோம். போடியில் என் மனைவி சரசுவின் தங்கை இருக்கிறாள். போகிற வழியில் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்பது சரசுவின் ஏற்பாடு. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பூங்காவுக்கு உடுமலை, மூணாறு வழியாக ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போவாளா? நன்றாகப் பழுத்த தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி ஏற்றினாள்.

கடைசி ஆறு கிலோமீட்டரை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். கார் போகாது, கடைத்தெருவிலேயே நிறுத்திவிட்டோம். ஜீப்புக்குப் போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். டிரைவர் அந்தோணி, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவர். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், "வெயில்ல கார்ல கெடந்தா பழம் வெடிச்சுருமுங்க" என்று சரசு சாக்கை ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினாள். நானும்தான் கைகொடுத்தேன்.

வழியெல்லாம் யானைப் பிண்டம், குவியல் குவியலாகச் சாணம். பூங்கா அழகுதான், ஆனால் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றரைக்கே அந்தோணி, "கிளம்பிருவோம் சார், மஞ்சு மூடுனா முன்னாடி எது நிக்குன்னே தெரியாது" என்றார்.

திரும்புகையில் பாதி வழியில், ஒரு வளைவில் ஜீப் சட்டென்று நின்றது. இருபதடி தள்ளி ஒற்றைக் கொம்பன். தும்பிக்கையை எங்கள் பக்கமாகத் தூக்கி மோப்பம் பிடித்தது. அந்தோணியும் மூக்கை உறிஞ்சினார்.

"சார், வண்டிக்குள்ள பலாப்பழம் இருக்கா?"

சரசுதான், "ஆமாங்க" என்றாள்.

"ஏசுவே!"

"வெளிய வீசிறட்டுங்களா?" சாக்கை இழுத்தேன்.

"வேண்டாம் சார்! ருசி கண்டுச்சுன்னா இந்த எடத்த விட்டுப் போகாது. நாளைக்கு விடிஞ்சா எம் பொண்டாட்டி இந்த வழியாத்தான் கொழுந்து கிள்ளப் போகணும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மனைவியைப் பற்றி எனக்கு அப்போது ஒரு கவலையும் இல்லை. வீசத்தான் போனேன். சரசு சாக்கைப் பிடுங்கி மடியில் வைத்து, கம்பளியால் இறுக்கி மூடிக் கட்டிக்கொண்டாள். "நான் புடிச்சுக்கறனுங்க, நீங்க வண்டிய எடுங்க."

ஜீப் ரிவர்ஸிலேயே பின்னோக்கி ஊர்ந்தது. யானை நாலு எட்டு வைத்துத் தொடர்ந்து வந்தது. ஒரு பக்கம் பள்ளம். பழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன், சரசுவுக்கும் சேர்த்து. (அதற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன்.) ஏரிக்கரை வரை வந்த யானை தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தோம்.

போகிறவர்கள் மதியம் இரண்டுக்குள் திரும்பிவிடுங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கடைத்தெருவில் விசாரியுங்கள். முக்கியமாக, வண்டியில் பழவாசனை கூடாது.

கடைத்தெருவுக்கு வந்ததும், "பழத்த நீங்களே எடுத்துக்குங்க, கொழந்தைங்களுக்கு ஆகும்" என்றாள் சரசு. "வேண்டாங்க்கா. வீட்டு முன்னாடி காய்ச்சு நின்ன பலாவையே யானைக்குப் பயந்து வெட்டிட்டோம்" என்றார் அந்தோணி. அவள் விடவில்லை, அங்கேயே பழத்தைப் பிளந்து இரண்டு சுளை கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பிறகு டீக்கடைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடி கழுவினார். நாங்கள் காரை எடுக்கும்போதும் அவர் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.