பெயர் எழுதப்படாத ஏரி

தம்பியாரின் பதினாறாம் நாள் வழிபாட்டுக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் சுற்றத்தார்க்கும் நண்பர்க்கும் தமையனாகிய யான் எழுதுவது. எழுத வேண்டியவர் அவர். எழுதப்பட வேண்டியவன் யான். முறை பிறழ்ந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு ஏழாண்டு இளையவராகப் பிறந்தார். தந்தையார் மறைந்தபின் யான் கல்லூரியில் தமிழ் பயில, அவர் பதினைந்து அகவையில் தறியில் அமர்ந்தார். பின்னாளில் சேலைக் கரைகளுக்கு அன்னமும் மயிலும் வரைந்து கொடுத்தார். நாற்பதைக் கடந்து பழைய ஒளிப்படக் கருவி ஒன்றை வாங்கினார். அதுமுதல் விடியுமுன் ஏரிகளுக்குச் சென்று, பறவைகள் அஞ்சாவண்ணம் அசையாது அமர்ந்திருப்பார். தறி தந்த பழக்கம் என்பார். கூட்டை நெருங்கமாட்டார். கூடுள்ள இடத்தை என்னிடமன்றி வேறெவரிடமும் உரைக்கமாட்டார்.

அந்நம்பிக்கையை யானே கெடுத்தேன். யான் தமிழாசிரியனாயிருந்த பள்ளியின் ஆண்டு மலருக்கு யானே பதிப்பாசிரியன். அவர் தந்த, கூட்டிலிருக்கும் முக்குளிப்பான் பறவையின் படத்தின் கீழ் ஏரியின் பெயரையும் எந்தக் கரை என்பதையும் எழுதினேன். இடம் சுட்டாத படம் குறையுடையது என்று கருதினேன். அப்பக்கம் கைப்பேசிகளில் பரவியது. அடுத்த ஞாயிறு, கருவிகளோடு பலர் நீரில் இறங்கினர்.

முக்குளிப்பான் கூட்டை விட்டு நீங்குகையில் முட்டைகளை ஈரத்தழையால் மூடிச் செல்லும். அன்று ஏரியிலிருந்து வந்த தம்பியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மூணு முட்டைண்ணா. மூடிட்டுப் போவக்கூட வுடல அதை.”

“எடம் போடறதுதானப்பா முறை.”

“உனக்கு முறை பெருசு, அதுக்கு முட்டை பெருசு. போ, போய்ச் சாப்பிடு.”

அதன்பின்னும் படங்களைக் காட்டினார். எங்கே எடுத்தது என்று கேட்டால், “தண்ணிலதாண்ணா” என்று சிரிப்பார். அவ்வளவே.

இம்முறை, யான் அறியாத வேறோர் ஏரியிலிருந்து அவரைக் கொணர்ந்தவர் அங்கே மீன்பிடிப்பவர்.

“குந்திக்கினுதான் இருந்தாரு ஐயா. எப்பவும் அசைய மாட்டாரே, அதான் கிட்ட போவல. வெயில் ஏறியும் எழுந்துக்கல. அப்புறந்தான் தொட்டுப் பார்த்தேன்.”

இதயம் நின்று நெடுநேரமாயிற்று என்றார் மருத்துவர். யான் தலையசைத்தேன். கருவிப் பை நனைந்திருந்தது, மாடியில் உலர்த்தினேன். மாலையில் எடுத்து வைத்தேன். அழுகை இன்னும் வரவில்லை.

கருவியில் இருந்த இறுதிப் படமே இம்மலரின் அட்டை: தழையை இழுத்துத் தன் முட்டைகளை மூடும் முக்குளிப்பான். எங்கே எடுத்தது என்று துக்கம் கேட்க வந்தோர் பலரும் வினவினர். மீன்பிடிப்பவர் ஏரியின் பெயரை என்னிடம் சொன்னார். முட்டைகள் இன்னும் பொரியவில்லை என்றும் சொன்னார்.

தம்பியாரின் துணைவியார் ஒன்றே கேட்டார். “மாமா, பேரு போட்டுடாதீங்க.”

“போடலம்மா.”

தம்பியாரைக் கொணர்ந்தவர்க்கும், வண்டி ஓட்டியவர்க்கும், தறிகளை நிறுத்திவிட்டு உடன்வந்த தெருவினர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி. கொணர்ந்தவரின் பெயரும் ஊரும் இங்கு இல்லை, அவர் பொறுத்தருள்க. அச்சகத்தார் அட்டைப்படத்தின் கீழ் ‘இடம்’ என்று இட்டு, எதிரே வெற்றிடம் விட்டு அனுப்பியிருந்தனர். அச்சுப்படியில் அச்சொல்லையும் கோடிட்டு அடித்துவிட்டேன்.