திரி வைத்த பந்து

போன புதன்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து என் புத்தகக் கட்டுகள்!

உங்களுக்குத்தான் தெரியுமே... மூன்று மாதமாக இந்தப் பக்கத்தில் உங்களைப் படுத்திக்கொண்டிருந்தேன், சிறுவர் நாவல் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று. ஒரு வழியாக முடித்துவிட்டேன். தேன்மொழி என்று எட்டாம் வகுப்புப் பெண். பாஸ்கெட்பால் ஆடுகிறாள். ஃபைனலுக்கு முந்தின நாள் அணியிடம் இருந்த ஒரே பந்து காணாமல் போகிறது. எடுத்தது யார்? நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் சஸ்பென்ஸ்.

கட்டைப் பிரித்தேன். அட்டையைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அட்டையில் தேன்மொழி துள்ளிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தூக்கிய கையில் ஆரஞ்சு நிறப் பந்து. எல்லாம் ஓவியர் வரைந்தபடிதான். ஆனால் பந்தின் உச்சியில் பச்சையாக ஒரு திரி முளைத்திருந்தது. திரியின் நுனியில் பொறி வேறு பறந்தது!

பின்னட்டையைத் திருப்பினேன். கதைச் சுருக்கத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'பெரியவர்கள் மேற்பார்வையில், திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும்.'

நாவலையா?

பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். டிசைனர் மாரியப்பன் எடுத்தார். இருபது வருஷமாக வெடி லேபிள் போடுகிற கை அவருடையது.

"என்ன மாரியப்பன், பந்துல திரி முளைச்சிருக்கு?"

"நான்தான் சார் வச்சேன். உங்க ஆர்ட்டிஸ்ட் மெட்ராஸ்காரரா? பாவம், திரிய மறந்துட்டாக. அப்பிடியே விட்டா நம்ம பிரஸ் பேரு கெட்டுப்போகும்ல?"

"அது வெடி இல்லப்பா. பாஸ்கெட்பால்!"

மறுமுனையில் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"அப்பிடியா... நான் வெடியோட பேருதான் பாஸ்கெட்பால்னு நெனச்சேன் சார்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பும் இல்லை. மயில் படம் போட்ட பெட்டிக்குள் மயிலா இருக்கிறது? சிங்கம், விமானம், சினிமா நடிகை, சிரிக்கிற குழந்தை — எந்தப் படம் போட்டாலும் உள்ளே இருப்பது வெடிதான். இதில் பாஸ்கெட்பால் மட்டும் நிஜமாகவே பாஸ்கெட்பாலாக இருக்கும் என்று அவர் எப்படிக் கண்டார்?

"சரி, பின்னாடி அந்தச் சிவப்பு வரி?"

"சின்னப்பிள்ள படம் வந்தா அந்த வரி வந்தே ஆகணும் சார். முதலாளி உத்தரவு."

"அட்டைய மட்டும் மறுபடி அடிச்சுக் குடுங்க மாரியப்பன். சனிக்கிழமை வெளியீட்டு விழா."

"சார்... சீசன் சார்! தீபாவளி லேபிள் ஓடிக்கிட்டு இருக்கு. காலண்டர் ஆர்டர் அம்புட்டும் அதுக்குப் பின்னாடி நிக்குது. பொங்கல் கழிச்சு வாங்களேன்."

பொங்கல் வரைக்கும் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாயில்பட்டி போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே விளையாட்டு டீச்சர் எஸ்தர். நாவலுக்காக பாஸ்கெட்பால் விதிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய அணியின் கேப்டன் முத்துலட்சுமி, ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மாதம் விளையாட்டு விடுதிக்கு அவளுக்கு செலக்‌ஷன். தேறிவிட்டால் தங்கி, சாப்பிட்டு, படித்து, ஆடலாம். எல்லாம் அரசாங்கச் செலவு. பிள்ளை விடாமல் பயிற்சி எடுக்கிற நேரத்தில், பாஸ்கெட்பால் மைதானத்தில் பள்ளி வேன்களை நிறுத்த செட்டு, அதாவது தகரக் கொட்டகை, போடுவதென்று தாளாளர் முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை கூடைக் கம்பத்தைப் பிடுங்க ஆள் வருகிறது.

"அண்ணே, உங்க புத்தகத்த அவரு கையாலயே வெளியிடச் சொல்லுவோம்" என்றார் டீச்சர். "பிள்ளைக வெளாட்ட வச்சு ஒரு கதையே வந்திருக்குன்னு பாத்தா மனசு மாறுவாரு. வேற வழி எனக்குத் தெரியலண்ணே."

ஒரு புத்தகம் ஒரு மைதானத்தைக் காப்பாற்றுமாம்! ஓர் எழுத்தாளனைக் கவிழ்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே தலையை ஆட்டிவிட்டேன்.

இப்போது பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளை கையில் பற்றவைத்த குண்டு. அதுவும் பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில், எங்கே சத்தம் கேட்டாலும் எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்து புகை வருகிற திசையைப் பார்க்கிற ஊரில்! பிளேடால் திரியைச் சுரண்டிப் பார்த்தேன். பந்துக்குச் சொறி பிடித்துவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் பூசிப் பார்த்தேன். வழவழப்பான அட்டையில் ஒட்டவில்லை. விதியே என்று ஒரு கட்டை வெள்ளிக்கிழமையே டீச்சரிடம் சேர்த்துவிட்டு, முதல் பிரதியை ஜிகினாத் தாளில் சுற்றினேன்.

சனிக்கிழமை காலை, அந்த மைதானத்திலேயே பந்தல். பெற்றோருக்குப் போட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. பட்டாசுக் கம்பெனிகளில் சீசன்; யாரால் லீவு போட முடியும்? தாளாளரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். மேடையில் ஜிகினாத் தாளைக் கிழித்தார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"அடடே!" என்றார் அண்ணாச்சி.

மைக்கைப் பிடித்தார். "இந்தத் தொழில வச்சு எம்புட்டு குடும்பம் பொழைக்கிது! ஒரு எழுத்தாளராவது நம்மளப் பத்தி ஒரு கத எழுதுனாகளா? இவுக எழுதிட்டாக! பொம்பளப்பிள்ள, கையில குண்டு, மூஞ்சியில துளி பயமில்ல. இதாம்யா நம்ம ஊரு!"

கைதட்டல். எனக்குப் பொன்னாடை.

அப்போதே எழுந்து, 'அண்ணாச்சி, அது வெடி இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சொல்லவில்லை. எஸ்தர் டீச்சர் 'சும்மா இருங்க' என்று கண்ணைக் காட்டினார். மனிதர் குளிர்ந்து போயிருக்கிறார், கேட்டதைக் கொடுப்பார் என்று நானும் ஒரு கணக்குப் போட்டேன். பொன்னாடையும் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி முடிக்கவில்லை. "இந்த சந்தோசத்துல சொல்லுதேன். திங்கக்கிழமை வேன் செட்டு வேலைய ஆரம்பிச்சிருவோம். செட்டுத் திறப்பு விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் புத்தகம்தான் பரிசு!"

எஸ்தர் டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்து நன்றியுரை. முத்துலட்சுமி வந்தாள். கையில் எழுதி வைத்த தாள் இருந்தது. அதை நாலாக மடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது குண்டு இல்லங்கய்யா. பந்து."

பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

"டீச்சர் நேத்தே எனக்கு ஒண்ணு குடுத்தாக. பூராம் வாசிச்சிட்டேன். அதுல குண்டே வரல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப இந்தத் திரி?"

"பிரஸ்ல வச்சிட்டாங்க அண்ணாச்சி."

இப்போது மைதானமே சிரித்தது. அண்ணாச்சி முகம் இறுகியது. போச்சு... செட்டு திங்கட்கிழமை இல்லை, இன்றைக்கே எழும்பிவிடும் என்று நினைத்தேன். முத்துலட்சுமி மைக்கை விடவில்லை.

"குண்டு எங்க அம்மா சணல் போட்டுச் சுத்துறாகங்கய்யா, உங்க கம்பெனியில. நான் பந்து போட்டுக்கிறனே..."

சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணாச்சி அட்டையைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டு, "செலக்‌ஷன் என்னைக்கு?" என்றார். அடுத்த மாதம் இதே தேதி என்று டீச்சர் சொன்னார்.

"அது முடியட்டும். கம்பத்துல இப்ப யாரும் கை வைக்க வேணாம்" என்றவர், பழக்கதோஷத்தில் சேர்த்துக்கொண்டார்: "மறுநாளு செட்டு வேலை ஆரம்பிச்சிரும், ஆமா."

ஒரு மாதம்தான். போதும் என்கிறார் டீச்சர். நேற்று அவர் போன் செய்தபோது பின்னால் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது.

எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள், புத்தகம் மைதானத்தைக் காப்பாற்றிவிட்டதாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரே ஒரு இடத்திலாவது என் தேன்மொழி அப்படிப் பேசியிருந்தால், நானும் எழுத்தாளன்தான்!