விப்ரியோவும் புரட்டாசியும்

என் கணவரின் வலக்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. புனேயில் அது ஒரு புரட்டாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சிஞ்ச்வட் போய்வந்தவருக்கு மறுநாள் கை வீங்கி, கொப்புளம் கண்டு, காய்ச்சலும் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மீன், நண்டு ஏதாவது சுத்தம் செய்தாரா என்று டாக்டர் அவரிடம் இந்தியில் கேட்டார். யார் அவரிடம் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன், அப்படியே பழகிவிட்டது. எங்கள் வீட்டில் இந்த மாதம் முட்டைகூட வாங்க மாட்டோம் என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கணவர் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அடுத்த நாள் லேப் ரிப்போர்ட் வந்தது. விப்ரியோ என்றார் டாக்டர். கடல் தண்ணீரில் வாழும் கிருமி, சின்னக் காயம் போதும், உள்ளே புகுந்துவிடும். இவரைப் போல ஈரல் கெட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. உடனே மருந்தை மாற்றினார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடலே இல்லாத ஊரில் கடல் கிருமி எப்படி வரும், உங்கள் லேப்தான் தப்பு என்று சண்டைக்கே போனேன். டாக்டர் வாதாடவில்லை. "ஆப் தோடா பாஹர் பைட்டியே" என்று கதவைக் காட்டினார்.

வெளியே வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓவர்டைம் போன மனிதர், வீங்காத கையின் இரண்டு விரல்களை நண்டுக் கொடுக்கு மாதிரி விரித்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.