கரி போன விளக்கு

நீலப் பிடி போட்ட ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதன் நார்களின் நுனி இன்னமும் கறுப்புத்தான். ஒரு மனுசியின் பதினைந்து வருட உழைப்பு அந்தக் கறுப்பில் ஒட்டிக்கிடக்கிறது என்று சொன்னால் பகிடி விடுகிறேன் என்று நினைப்பீர்கள். பகிடி இல்லை.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்த எனக்கு மொன்றியலில் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் அகழ்வில் தோண்டியெடுத்த ஓட்டுத் துண்டுகளைக் கழுவிக் காயவைக்கிற வேலை. எங்கள் பேராசிரியர் தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ரோமானியப் பட்டினங்களில் தேவாலயங்கள் எழும்புவதற்கு முன்னர் கிறிஸ்தவர்கள் எங்கே கூடிக் கும்பிட்டார்கள் என்பதுதான் அவருடைய தேடல். வட ஆப்பிரிக்கக் கரையோரப் பட்டினம் ஒன்றில் ஒரே வீட்டைப் பதினைந்து கோடைகளாகத் தோண்டினார். அது அப்படியான வழிபாட்டு வீடு என்று அவர் சொல்ல, மற்ற அறிஞர்கள் சிரித்தார்கள். கடைசியாக அங்கே உள்ளங்கையளவு மண்விளக்கு ஒன்று அகப்பட்டது. திரி வைக்கிற மூக்கருகே ஊசியால் கீறியதுபோல ஒரு சின்னச் சிலுவை.

ஆறு மாத அனுமதியோடு அந்த விளக்கு எங்களிடம் வந்த நாள் மேடம் வெளியூரில் இருந்தார். பெட்டியைத் திறந்தவள் நான். விளக்கில் சிவப்புத் துண்டுச்சீட்டு ஒன்று கட்டியிருந்தது. சிவப்பென்றால் தண்ணீர் படக்கூடாது. கண்டேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விடிந்தால் விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மற்ற வேலை. கரி அப்பிய மூக்கோடு ஒரு விளக்கு கண்ணெதிரே கிடக்க, கை கேட்கவில்லை. மூக்கை மட்டும்தானே என்று பிரஷை நனைத்தேன். விசர் வேலை! ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று வந்துவிட்டது. “இப்பதான் வடிவு” என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது காய்ந்துகொண்டிருக்கும்போதே மேடம் ஃபோன் எடுத்தார். “அக்கா, திங்கக்கிழமை பத்து மணிக்கு மைக்ராஸ்கோப்போட ஆள் வர்றாங்க. அந்தக் கீறலுக்குள்ள கரி இருந்தா போதும், விளக்கு எரியறப்பவே சிலுவை இருந்திருக்குன்னு ஆயிடும். இல்லன்னா பின்னாடி எவனோ கீறினது. பத்திரமா வைங்கக்கா.”

பிரஷைத் திருப்பிப் பார்த்தேன், நார் நுனியெல்லாம் கறுப்பு.

வீட்டில் என் மனுசனிடம் மட்டும் சொன்னேன். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இவருக்கு வேலை போய் அப்போதுதான் இரண்டு மாதம். “பேசாமல் இரும். அது வந்ததே அப்பிடித்தான் எண்டு சொல்லும். உம்மட வேலையும் போனால் என்ன செய்யிறது?” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் தக்காளியைப் பொறுக்கப் பொறுக்க கரி ஒட்டியிருக்கிறதா என்று என் விரல் இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடினால் என் வேலை தப்பும். ஆனால் திங்கட்கிழமை வருகிற ஆள் கரி இல்லை என்பார், அந்த வீடு வெறும் வீடாகிவிடும். கரியைக் கழுவியது என் கை என்று இவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை எட்டரைக்கே போய்க் காத்திருந்தேன். மேடம் கோட்டைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன். “மேடம், விளக்கை நான் கழுவிப்போட்டன்.”

“கீறலையுமா?”

“ஓம்.”

கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கோட்டோடே குனிந்து லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். தோண்டிய இடத்தில் எடுத்த படங்களைத் திறந்தார். மூக்கில் கரி தெரிந்தது. கீறலுக்குள் இருந்ததா என்பது தெரியவில்லை. எனக்கு அந்தரம் தாங்கவில்லை. “உள்ளுக்கும் இருந்தது எண்டு எழுதுங்கோ மேடம். நான் கண்டனான் எண்டு கையெழுத்து வைக்கிறன்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “கண்டீங்களா?”

“இல்லை.”

“அப்புறம்?”

பத்து மணிக்கு மைக்ராஸ்கோப்போடு வந்தவரை வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. ஆனால் அன்றையிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. “இதைக் கொஞ்சம் பாருங்க”, “அதை எடுங்க”, அவ்வளவுதான். அடுத்த வருடம் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போனபோதும் எல்லாரிடமும் சொன்னதுபோலத்தான் என்னிடமும் போய்வருகிறேன் என்றார். அது எனக்கு அடி விழுந்ததைவிட வலித்தது.

போன மாதம் தபாலில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. அவர் எழுதியது. விளக்கின் பக்கத்தைத் தேடினேன். “விளக்கின் கரி என் ஆய்வுக்கூடத்தில் கழுவப்பட்டுவிட்டது. ஆகவே சிலுவை எப்போது கீறப்பட்டது என்று இனிச் சொல்ல இயலாது; இவ்வீடு வழிபாட்டு இடம் என்பதும் நிறுவப்படவில்லை.” அவ்வளவே. கழுவியவள் யார் என்று ஒரு சொல் இல்லை.

பிறகுதான் முன்பக்கத்தைப் புரட்டினேன். பேனாவால், தமிழில் எழுதியிருந்தார்: “அக்காவுக்கு. இதையாவது கழுவாம வைங்க.”

சிரித்தேனா அழுதேனா தெரியாது. சமைத்துக்கொண்டிருந்த இவர் குசினியிலிருந்து ஓடி வந்தார். புத்தகத்தை லாச்சிக்குள் வைத்தேன், அந்தக் கறுத்த பிரஷுக்குப் பக்கத்தில்.