ஃபர்ஜானி கடலுக்கே திருப்பி அனுப்பிய ஆமைகள்

ஸர்ஸீஸ் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டும் ஃபர்ஜானிக்கு வாயைத் திறந்தால் வசவுதான். காற்றைத் திட்டுவார், டீசல் விலையைத் திட்டுவார், வலையைக் குதறும் நீல நண்டைத் திட்டுவார். அந்த நண்டுக்கு எங்கள் ஊரில், தலையறுக்கும் தீவிரவாதக் கும்பலின் பேரை வைத்து, ‘தாயிஷ்’ என்றே பேர். அந்தப் பேர் கூட அதற்கு மரியாதை ஜாஸ்தி என்பார். ஆனால் வசவில் பெரும்பங்கு இரண்டு ஜீவன்களுக்குத்தான் போகும். ஒன்று, வலையின் மடிக்குள் புகுந்து மீனை நசுக்கித் தொலைக்கும் பெருந்தலை ஆமை. இன்னொன்று, அந்த ஆமைக்கு வைத்தியம் பார்க்கும் அவருடைய மருமகன் நவ்ஃபல்.

“ஆமைக்கு ஊசி போடுறவனுக்குப் பொண்ணைக் கொடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்” என்று காபிக்கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வார். நவ்ஃபல் அடுத்த மேசையிலேயே இருந்தாலும் சொல்வார்.

இத்தனை கரடுமுரடான மனிதருக்கும் ஒரு பெருமை இருந்தது. ஆமை கிடைத்தால் கழுத்தை அறுத்து, இளைப்புக்கு நல்லதென்று சூடாக ரத்தத்தைக் குடிக்கிறவர்கள் எங்கள் துறையில் உண்டு. கண்ணேறு படாமலிருக்க ஆமையோட்டை வாசலில் மாட்டுகிறவர்களும் உண்டு. ஃபர்ஜானி அதைச் செய்ததே இல்லை. உயிரோடு வந்த ஆமையைத் திட்டிக்கொண்டே கடலில் தள்ளிவிடுவார். செத்து வந்தால் தொப்பியைக் கழற்றி, ஒரு குவளை நல்ல தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, பிஸ்மில்லா சொல்லி, அந்த நிமிடமே கடலுக்கு அனுப்பிவிடுவார். கடலில் செத்ததைப் படகில் வைத்துக்கொண்டு சுற்றினால் மீன் ஒதுங்கிப்போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். “என் கையில ஆமை ரத்தம் கிடையாதுடா. எவனுக்குச் சந்தேகமோ வந்து மோந்து பாரு” என்று கையை நீட்டுவார். நீட்டிய கையை யாரும் சந்தேகித்ததில்லை.

வலையில் எத்தனை ஆமை விழுகிறது என்று பார்க்க நவ்ஃபலுக்கு ஒரு படகு வேண்டியிருந்தது. ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. மகள் உமைமா போன் போட்டு, “அவரை ஏத்திக்கலைன்னா பெருநாளைக்கு நான் வீட்டுப் படி ஏற மாட்டேன் வாப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ஃபர்ஜானி சம்மதித்தார்.

“பையில என்ன மாப்பிள்ளை? ஆமைக்குப் பல் விளக்குற பிரஷ்ஷா?”

“உங்க வாய்க்குப் பூட்டு மாமா. சாவியை உங்க பொண்ணுகிட்ட கொடுத்துட்டு வந்திருக்கேன்.”

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ‘ரைஸ்’, அதாவது படகுத் தலைவர், திரும்பிப் பார்த்ததும் ஆளுக்கொரு வேலையில் இறங்கினார்கள்.

காலையில் முதல் மடியை இழுத்துக் கொட்டியபோது மீனோடு ஓர் ஆமையும் விழுந்தது. கழுத்து துவண்டு தொங்கியது. இஞ்சின்காரர் பில்காஸம் காலால் தட்டிப் பார்த்தார், அசைவில்லை. ஃபர்ஜானி தொப்பியைக் கழற்றினார். குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டின் விளிம்பைப் பிடித்தார்.

“மாமா, போடாதீங்க! அது சாகல!”

“நான் பார்க்காத சாவாடா இது?”

“மயக்கம் மாமா. வலைக்குள்ள மூச்சு முட்டி மயங்கிக் கிடக்கு. நெஞ்சு எப்பவோ ஒரு தடவைதான் அடிக்கும், நமக்குத் தெரியாது. இப்படியே போட்டீங்கன்னா மேல வந்து மூச்சு விட அதுக்குத் தெம்பு ஏது? முங்கித்தான் சாகும்.”

“என் படகுல பொணம் இருக்கக் கூடாது.”

“அப்ப என்னையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்க” என்று நவ்ஃபல் ஆமையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

ஃபர்ஜானி போட்டிருப்பார், சந்தேகமே வேண்டாம். பில்காஸம்தான் குறுக்கே வந்தார். “ரைஸ், உமைமாவுக்கு யார் பதில் சொல்றது?”

நவ்ஃபல் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, ஆமையின் பின்பக்கத்தை அதன்மேல் உயர்த்தி வைத்தான். தலை தாழ்ந்ததும் வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு நிழலில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த மடியில் பாசியும் நண்டும்தான் வந்தன. “பார்த்தியா? பொணம் ஏறின படகுல தாயிஷ்தான் ஏறுவான்!” என்று ஃபர்ஜானி கத்தினார். மதியம் எல்லோருக்கும் ஹரீஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டி வந்தது. நவ்ஃபலுக்கு வரவில்லை. “பொணத்துக்குக் காவல் இருக்கிறவன் சாப்பிடக் கூடாது” என்றார் மாமனார். நாள் முழுக்க இப்படியே போனது.

வெயில் இறங்கும் நேரத்தில் சாக்குக்கு அடியிலிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது. பில்காஸம் கையிலிருந்த தேநீரைக் கொட்டிக்கொண்டார். ஆமை தலையைத் தூக்கி, கண்ணைத் திறந்து, இன்னொரு முறை மூச்சு விட்டது.

ஃபர்ஜானி குனிந்து அதன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். “அப்ப நான் முன்னால போட்டதெல்லாம்?” என்று கேட்டார்.

நவ்ஃபலுக்குப் பசி, நாள் முழுக்க வாங்கிய ஏச்சு வேறு. “சிலது நிஜமாவே செத்திருக்கும். மத்ததெல்லாம் உயிரோட போச்சு. நீங்கதான் மாமா முக்கிக் கொன்னீங்க” என்றான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது அவனுக்கு.

“கரை வந்ததும் இறங்கிடு. இனிமே உன் நிழல்கூட என் படகுல விழக் கூடாது.”

பெருநாளைக்கு உமைமா வரவில்லை. ஃபர்ஜானி காபிக்கடைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். கையை நீட்டி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பெருநாள் கழிந்து போன முதல் பயணத்திலேயே துவண்ட கழுத்தோடு ஓர் ஆமை வந்து விழுந்தது. பில்காஸம் பழக்கதோஷத்தில் குவளையை எடுத்துவந்தார். ஃபர்ஜானி அதை எட்டி உதைத்தார். தானே பெட்டியைக் கவிழ்த்து, தானே ஆமையைத் தூக்கி வைத்து, சாக்கை நனைத்துப் போர்த்தினார். சாயங்காலமாயிற்று, மறுநாளும் விடிந்தது. ஆமை மூச்சு விடவில்லை. ஈ மொய்க்கத் தொடங்கியது.

“ரைஸ், இது போயிருச்சு. நாறுது.”

“உன் வாய்தான் நாறுது. போய் இஞ்சினைப் பாருடா.”

படகைப் பாதியில் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தார். நவ்ஃபலுக்குப் போன் போட்டு, “வா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். நாற்றம் படகில் ஏறும் முன்பே மூக்கில் அடித்தது. ஆமையின் கண்ணைத் தொட்டுப் பார்த்தான், தாடையைத் திறந்து பார்த்தான்.

“இது வலையிலேயே செத்திருக்கு மாமா. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது.”

“நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன் மாமா.”

“படிச்சுக் கிழிச்ச! அன்னிக்கு நான்கூடத்தான் பார்த்தேன், செத்துப்போச்சுன்னு.” இன்னும் இரண்டு வசவு வைதார். பிறகு குனிந்து சாக்கை எடுத்து, வாளியில் முக்கி, ஆமையின் முதுகில் மறுபடி போர்த்தினார்.

“காலையில வா மாப்பிள்ளை” என்றார். “வந்து இன்னொரு தடவை பாரு.”