சட்டையைக் கழற்றாத ரொட்டிக்காரர்

ரொட்டிக் கடையின் பின்பக்கம் அடுப்பு இருக்கும் அறைக்குள் கால் வைத்தால், கன்னத்தில் அறைகிற மாதிரி சூடு வந்து மோதும். அங்கே வேலை பார்க்கிற ஆண்கள் இடுப்புக்கு மேலே ஒன்றும் போடுவதில்லை. வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாதவரை முதலாளியும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒருவர் மட்டும் உள்ளே ஒரு இறுக்கமான பனியன், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஏப்ரன் என்று மூன்றடுக்கில் நின்று மாவு உருட்டுவார். முழங்கை வழியாக வேர்வை சொட்டும். அவருக்கு 'கோட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"கோட்டண்ணே, ரொம்பக் குளிருதா? அடுப்பை இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"ஏத்துப்பா. அப்படியே ஒரு கம்பளி இருந்தாலும் குடு" என்று அவரும் சிரித்து மழுப்புவார்.

மீசை அரும்புகிற வயதில் அவருக்கு மார்பு இரண்டு பக்கமும் பருக்க ஆரம்பித்தது. அந்த வயதுப் பையன்கள் பலருக்கு அப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. அவருக்கு வற்றவுமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் பிடித்துத் திருகினான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முன்பக்கம் கூனிய தோள் அப்புறம் நிமிரவில்லை. கல்யாணம் ஆன பிறகும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சட்டை மாற்றுவார். மனைவி முதலில் ஏன் என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு கோடை மதியம், மின்சாரம் போய் விசிறிகள் நின்ற நேரத்தில், கையில் தட்டோடு அப்படியே சரிந்தார். அடுப்பறைக்குப் பெரியவரான மாஸ்டர்தான் ஓடிவந்து சட்டையைப் பிரித்து, பனியனைக் கத்தரியால் வெட்டித் தண்ணீர் தெளித்தார். கண் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கோட்டு என்று கூப்பிடவுமில்லை. கேலி இருந்தவரை தாங்கிக்கொண்டவருக்கு, அது நின்றுபோனதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "எல்லாரும் பாத்துட்டாங்க."

"என்னத்தைப் பாத்தாங்க?"

விளக்கு எரியும்போதே சட்டையைத் திறந்து காட்டினார். அவள் கிட்டே வந்து பார்த்தாள். "இதுக்காகவா இத்தனை வருஷம் அந்த அடுப்புகிட்ட வெந்துகிட்டிருந்தீங்க? எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க."

"எனக்கு இருக்கே."



இதற்கு இரண்டு வழி உண்டு என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். ஒன்று ஆபரேஷன். இன்னொன்று கத்தி படாமல், தோலுக்கு வெளியே குளிர் வைத்துக் கொழுப்பை உறையவைத்துக் கரைப்பது. ஆபரேஷன் என்ற வார்த்தையையே அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய அப்பா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். மயக்க மருந்து கொடுத்தார்கள். எழுந்திருக்கவேயில்லை. அதனால் இவர் யோசிக்காமல் குளிர் வழியைப் பிடித்துக்கொண்டார்.

அழகு நிலையம் மாதிரியும் இல்லாமல் ஆஸ்பத்திரி மாதிரியும் இல்லாமல் ஒரு இடம். வாசனை மெழுகுவர்த்தி, வெள்ளை சோபா, காத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒரு பெண் அவர் மார்பில் குழைவாக எதையோ பூசி, கிண்ணம் போன்ற ஒன்றை அழுத்தினாள். அது சதையை உள்ளே கவ்வி இழுத்தது. முதலில் சுரீரென்று வலித்தது, பிறகு மரத்துப்போனது. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும், பொறுமையா இருங்க சார்" என்றாள்.

பொறுமையாகத்தான் இருந்தார். சில மாதங்களில் மேலே இருந்த கொழுப்பு உண்மையிலேயே கொஞ்சம் வற்றியது. ஆனால் வற்றியபோது அடியில் வில்லை மாதிரி கெட்டியாக இருந்தது முன்னைவிடத் தெளிவாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விரலால் அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனார். டாக்டர் தொட்டுப் பார்த்து, ரத்தமும் எடுத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "வெளியில இருந்தது கொழுப்பு. உள்ள இருக்கிறது சுரப்பி. குளிர் வச்சா சுரப்பி கரையாது. எடுக்கணும்னா வெட்டித்தான் எடுக்கணும்."

"எடுக்காம விட்டா?"

"ஒண்ணும் ஆகாது. இது நோயில்ல. நீங்க இப்படியே எழுந்து வீட்டுக்குப் போகலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். செஞ்சா ரத்தம் கட்டலாம், தழும்பு இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் பள்ளம் விழலாம். மயக்கம் குடுக்கணும். யோசிச்சுட்டு வாங்க."

இவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். மயக்க மருந்து கொடுப்பவரை வரச்சொல்லி இன்னொரு தடவை அதையே சொல்ல வைத்தார். இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் செய்யலாம் என்றார்கள்.

அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. சமையலறையில் அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நோய் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். கடைசியில் உள்ளதைச் சொன்னார்.

"அழகுக்காடா?" என்றாள் அம்மா. "அழகுக்காகவா போய் அங்க படுக்கப் போறே?"

"அழகுக்கு இல்லம்மா. உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. சின்ன வயசிலிருந்தே..."

"நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எப்பவும் ஒரு சைஸ் சின்னதா பனியன் வாங்கிட்டு வந்து வச்சது யாரு?"

"கடையில மாத்திக் குடுத்துட்டாங்கன்னு சொன்னியே."

"ஒவ்வொரு தடவையுமாடா மாத்திக் குடுப்பாங்க?" அம்மா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். "கேட்டா நீ கூசிப்போயிடுவேன்னு கேக்கல. கேட்டிருக்கணும்."

பிறகு அம்மா துண்டை உதறிக் கம்பியில் போட்டாள். "நான் வாசல்ல உக்காந்திருப்பேன். என்னை வீட்ல இருன்னு யாரும் சொல்லக்கூடாது."

ஆபரேஷன் அன்றைக்கு அப்படியே உட்கார்ந்தாள். மருமகள் வாங்கிவந்த டீயைத் தொடவில்லை. ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். ஒரு நர்ஸ் வந்து, "முழிச்சுட்டாரும்மா, தண்ணி கேக்கறாரு" என்று சொன்னபோது, அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

புண் ஆறியது. இடது பக்கம் டாக்டர் சொன்ன மாதிரியே லேசாகப் பள்ளம் விழுந்தது. அந்த இடத்தில் தொட்டால் தொட்ட உணர்ச்சி இல்லை. சட்டைக்குள் மார்பு தட்டையாக இருந்தது. ஆனால் கூனிய தோள் அந்தச் சேதியை நம்பி நிமிர நாளாயிற்று. அடுப்பறையில் முதல் தடவை சட்டையைக் கழற்றியபோது கைகள் தாமாகவே மார்பைக் கட்டிக்கொண்டன. மாஸ்டர் மட்டும், "அந்தத் தட்டை இப்படித் தள்ளு" என்றார். கையை எடுக்காமல் தட்டைத் தள்ள முடியாது. தள்ளினார். ஆனாலும் பாதி நாள் இன்னும் மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கழற்றிக் காயப்போடுகிறார்.

கடைசியாகக் காட்டிவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அம்மா திடீரென்று பேசினாள். அதுவரை அப்பாவின் சாவைப் பற்றி அவள் வாயிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

"உங்கப்பா உள்ள போறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? சீக்கிரம் வந்துடறேன், நீ எங்கயும் போயிடாதேன்னாரு. நானும் அந்த வாசல்லயே உக்காந்திருந்தேன். அவர் போயிட்டாருன்னு சொல்லி, எழுந்திரிங்கன்னாங்க. நான் எழுந்திரிக்கல. ரெண்டு பேர் சேந்து தூக்கிட்டு வந்தாங்க."

அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

"சொல்லும்மா" என்றார். "அப்புறம்?"