சதுக்கத்து விளக்கும் எங்கள் வீட்டுத் துடக்கும்

என் கணவர் இறந்து சில நாட்களில், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரச் சதுக்கத்தில் யூதர்களின் ஹனுக்காப் பண்டிகை விளக்கை நிறுத்தினார்கள். மாடி உயரத் தண்டு, அதில் ஒன்பது கிளைகள். மாலைதோறும் ஒருவர் தூக்கும் இயந்திரத்தின் கூடையில் ஏறிப்போய் முந்தின நாளைவிட ஒரு சுடரைக் கூட்டி ஏற்றுவார். கீழே பாட்டு, பிள்ளைகள், சுற்றிவரக் கம்பித் தடுப்பு, பக்கத்தில் பொலிஸ் வாகனம்.

முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து தொங்கு ரயிலுக்கு அந்த வழியால்தான் போவேன். ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது? அங்கே துடக்கு, சாவுத் தீட்டு. எங்கள் வழக்கப்படி செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை சாமிக்கு விளக்கேற்றக்கூடாது. சாமித்தட்டைச் சீலையால் மறைத்து வைத்திருந்தோம்.

உண்மையில் அது எனக்கு வசதியாகவே இருந்தது. எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது அவர்தான். வேலையால் வந்து, கால் முகம் கழுவி, அவர் கொளுத்தினால்தான் எங்களுக்குப் பொழுதுபடும். துடக்கு முடிந்தால் அதை நான் செய்யவேண்டும். முடியாமலே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

அழுகை வரவில்லை. சோறு கொண்டுவந்த சனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "அழுங்கோ அக்கா, பாரம் குறையும்" என்றார்கள். குறைய என்னிடம் பாரம் எதுவும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துப்போய் இருக்குமே, முழு ஆளாக அப்படி இருந்தேன்.

சதுக்கத்திலும் நான் விளக்குக்குக் கிட்டப் போகவில்லை. யாருடைய சாமியானாலும் விளக்கு விளக்குத்தானே, துடக்குக்காரி அங்கே போய் நிற்கலாமா? எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நிற்பேன். கறுப்பு ஜாக்கெட், தோளில் பெரிய பை, தினமும் அதே இடம். பொலிஸின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒருநாள் ஒரு பொலிஸ்காரி வந்து பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் வேலைச் சப்பாத்தும். ஏன் எந்த நாளும் தூர நின்று பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். பயம்கூட வரவில்லை. "என் கணவர் இறந்துவிட்டார், அதனால் கிட்ட வரக்கூடாது" என்று ஜெர்மனில் சொன்னேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விழாக்காரரில் ஒரு வயதான பெண், எல்லோருக்கும் ஜாம் வைத்த இனிப்புப் பணிஸ் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டுவிட்டாள். தட்டோடு என்னிடம் வந்தாள்.

"நாங்களும் துக்கம் காப்போம்" என்றாள். "ஆனால் இந்த விளக்கைத் துக்கத்தில் இருப்பவரும் ஏற்றத்தான் வேண்டும். என் கணவர் இறந்த வருடம் வீட்டில் நானேதான் ஏற்றினேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனபிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம்தான். உன்னை யார் கேட்டது என்று மனதுக்குள் ஏசினேன். நான் பதுங்கியிருந்த இடத்துக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. பணிஸை வாங்காமலே நடந்தேன். அடுத்த நாளிலிருந்து வேறு தெருவால் போனேன்.

அந்தியேட்டியன்று ஐயர் வந்து கிரியை முடித்தார். சனம் சாப்பிட்டுவிட்டுப் போனது. பின்னேரம் மகள் சீலையை விலக்கி, விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். தீப்பெட்டியை என் கையில் தந்தாள்.

"அம்மா, கொளுத்துங்கோ. இருட்டுப் பட்டிட்டுது."

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன். "அப்பா வரட்டும்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏதும் சொல்லமுன்னம் எனக்கு அழுகை வந்துவிட்டது.